வண்டி பிடிச்சிட்டு

இளைய ஸ்டேஷன் மாஸ்டர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் மரியாதைக்காக என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒருவர் கேட்டார்: “சாருடைய சர்வீஸில் மிக மோசமான நாள் எது?” எனக்கு முன்பே இன்னொருவர் பதில் போட்டுவிட்டார்: “சார் சர்வீஸில் ஆக்சிடென்டே கிடையாது.” உண்மைதான். என் கையால் சிக்னல் போட்டு அனுப்பிய ஒரு வண்டிக்கும் கீறல் விழுந்ததில்லை. நான் நல்ல ஸ்டேஷன் மாஸ்டர். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆனால் மோசமான நாள் ஒன்று உண்டு. அன்று தண்டவாளம் ஒழுங்காக இருந்தது, சிக்னல் ஒழுங்காக வேலை செய்தது, எங்கள் ஆட்கள் ஒருவர்கூடக் கடமை தவறவில்லை. அப்படியிருந்தும் ஒரு வார்த்தையால் இரண்டு மாநிலங்களின் ரயிலும் பஸ்ஸும் அப்படியே நின்றுபோயின. இப்போது அந்தப் பக்கத்தில் இரட்டைப் பாதை வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. அது முடிந்துவிட்டால் நான் சொல்வது யாருக்கும் விளங்காது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் திருவனந்தபுரத்திலேயே பிறந்த தமிழன். வலியசாலையில் எங்கள் வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம். ரயில்வேயில் தேர்வாகி, பயிற்சிப் பள்ளியில் விதிப் புத்தகத்தை உருப்போட்டு, நாலைந்து சின்ன ஸ்டேஷன்களில் தூக்கம் கெட்டு, கடைசியில் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் போய் விழுந்தேன். அதன் பெயர் வேண்டாம். கேரளத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் பிளாட்பாரத்தின் தெற்கு முனையில் நின்று ஓங்கித் தும்மினால் தமிழ்நாட்டில் கேட்கும். இரண்டு மொழியும் தெரிந்தவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள் என்று தெருவில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அங்கே போக வேறு ஆள் சம்மதிக்கவில்லை.

காரணம் இதுதான். அப்போது அது ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஸ்டேஷனில் லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். மற்றது மெயின் லைனில் கடந்து போக வேண்டும். எது ஒதுங்குவது என்று முடிவு செய்வது திருவனந்தபுரம் தம்பானூரில் உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோல். நிறுத்தி வைப்பது நான். ஆகவே திட்டு வாங்குவதும் நான்.

காலையில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஒரு பாசஞ்சர் வரும். கட்டட வேலைக்காரர்கள், ஹோட்டலில் புரோட்டா போடுகிறவர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லாரும் அதில்தான் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போவார்கள். அதே நேரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் எதிரே வரும். அது முன்பு திருவனந்தபுரத்தோடு நின்றுகொண்டிருந்த வண்டி; புதிதாக நாகர்கோவில் வரை நீட்டியிருந்தார்கள். பாசஞ்சர் லூப்பில் ஒதுங்க, எக்ஸ்பிரஸ் கடந்து போகும். பாசஞ்சரில் இருப்பவர்கள் என் ஜன்னலைப் பார்த்துக் கத்துவார்கள்: “கேரளாக்காரன் வண்டின்னா ராஜா, நாங்கன்னா இளக்காரமா?” பிளாட்பாரத்தில் நிற்கும் மலையாளிகள் மறுபக்கத்திலிருந்து குறைப்பட்டுக்கொள்வார்கள்: “நம்முடெ வண்டி தமிழ்நாட்டுகாரு கொண்டுபோயில்லே சாரே!” தமிழர்களுக்கு அது கேரளத்து வண்டி. மலையாளிகளுக்கு அது தமிழ்நாட்டுக்குப் பறிபோன வண்டி. இத்தனை பேர் சண்டை போட்ட அந்த எக்ஸ்பிரஸைத் தன்னுடையது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

ரோட்டிலும் இதே கதைதான். இந்தப் பக்கம் அகலப்படுத்திய இடத்தில் அந்தப் பக்கம் சந்து. அந்தப் பக்கம் அகலப்படுத்திய இடத்தில் இந்தப் பக்கம் வழக்கு. ஒரு மாநிலத்து பஸ் மற்ற மாநிலத்து பஸ் ஸ்டாண்டில் எங்கே நிற்கலாம் என்பதற்கு வருடந்தோறும் ஒரு தகராறு. இன்று திருவனந்தபுரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்தில் ஏறினால் எல்லை வரை நாலு வழிச் சாலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிடலாம். இருந்தாலும் தம்பானூர் டீக்கடையில் உட்கார்ந்தால் யார் ரோடு ஒசத்தி என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இப்போது குறுப்பு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ட்ரோலில் அவர்தான் தலைமை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. போனை எடுத்தால் “பறயூ” என்பார், சொல்லு என்று. அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. நாம் சொல்லி முடிக்கும்வரை மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பெரிய, ரொம்ப, பயங்கரமான என்பது மாதிரி வார்த்தைகள் அவரிடம் செல்லாது. “சார், பெரிய கூட்டம்” என்றால், “பாளத்திலோ பிளாட்பாரத்திலோ?” என்று கேட்பார். தண்டவாளத்தில் நிற்கும் நாலு பேர் அவருக்குப் பெரிய கூட்டம். பிளாட்பாரத்தில் நிற்கும் நாலாயிரம் பேர் கூட்டமே இல்லை. நேரில் போய்ப் பார்த்தால் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து நெல்லிக்காய் மென்றுகொண்டிருக்கும் சாது. அவரிடம் திட்டு வாங்கியவர்கள் சொல்வதாவது, திட்டு வாங்கிய விஷயமே வீட்டுக்குப் போய்த்தான் உறைக்கும்.

என் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் தங்கப்பன். நெய்யாற்றின்கரைக்காரர், தங்கமான மனிதர். வண்டி ஏதாவது லூப்பில் நின்றால் பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்குத் தானாகவே போய்ச் சொல்லிவிடுவார்: “வண்டி பிடிச்சிட்டு.” மலையாளத்தில் அதற்கு வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். தினமும் சொல்கிற வார்த்தை. எல்லை ஊர்த் தமிழர்களுக்கும் அது பழக்கம்தான்.

சம்பவத்தன்று கேரளத்துப் பயணிகள் சங்கம் ஒன்று, ‘எங்கள் வண்டியைத் திரும்பக் கொடு’ என்று ஸ்டேஷன் வாசலில் ஆர்ப்பாட்டம் அறிவித்திருந்தது. முப்பது பேர் கொடியோடு வந்திருந்தார்கள். வாசலில் கோஷம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற மாதிரியான கூட்டம். பாசஞ்சர் வந்து லூப்பில் நின்றது. எக்ஸ்பிரஸ் வரலாம் என்று லைன் கிளியர் கொடுத்துவிட்டேன். அது முந்தைய ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டுவிட்டது. அதை உள்ளே எடுக்க ஹோம் சிக்னலும் போட்டாயிற்று.

அன்றைக்குப் பாசஞ்சரில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் புதிதாக வந்த இளவட்டங்கள் நிறைய. அவர்களில் ஒருவன் தங்கப்பனைப் பிடித்து, “என்ன அண்ணாச்சி, வண்டி ஏன் நிக்கி?” என்று கேட்டான். தங்கப்பன் வழக்கம்போல, “வண்டி பிடிச்சிட்டு” என்று சொல்லிவிட்டு, எக்ஸ்பிரஸ் வரவேண்டிய வடக்குத் திசையைக் கொடியால் காட்டினார். வடக்கே ஸ்டேஷன் வாசல். வாசலில் கொடியோடு முப்பது மலையாளிகள்.

அவ்வளவுதான். “ஏல, நம்ம வண்டியப் பிடிச்சிட்டானுவளாம்ல!” என்று ஒரு குரல். பெட்டி பெட்டியாக அது ஓடியது. கடைசிப் பெட்டிக்குப் போவதற்குள் வண்டியைப் பிடித்தவர்கள் கையில் கம்பும் முளைத்துவிட்டது. இருநூறு பேருக்குக் குறையாமல் குதித்து, லூப்பைத் தாண்டி மெயின் லைனில் உட்கார்ந்துவிட்டார்கள். “நம்ம வண்டியப் பிடிச்சா அவன் வண்டிய நாம பிடிப்போம்!”

நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஹோம் சிக்னலைச் சிவப்புக்குத் திருப்பினேன். அடுத்து வாக்கிடாக்கியில் எக்ஸ்பிரஸ் டிரைவரைக் கூப்பிட்டு, சிக்னலுக்கு வெளியே நிற்கச் சொல்லி, அவர் நின்றுவிட்டதாகப் பதில் சொல்லும்வரை வேறு எதையும் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன கத்தினார்கள் என்பதே என் காதில் விழவில்லை. டிரைவர் “நிறுத்தி” என்ற பிறகுதான் கண்ட்ரோலைக் கூப்பிட்டேன்.

“பறயூ.”

“சார், ஆட்கள் மெயின் லைனில். எக்ஸ்பிரஸ் ஹோம் சிக்னலுக்கு வெளியே. பாசஞ்சர் லூப்பில்.”

குறுப்பு சார் சொன்னார், “எடோ, ரோட்டிலும் பஸ் நின்னு. அவரு நம்முடெ பஸ் தடஞ்ஞு. இவரு அவருடெ பஸ் தடஞ்ஞு. துடக்கம் தன்டெ ஸ்டேஷனில் எந்நா பறயுந்நது. எந்தா காரியம்?”

ஹைவேயில் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து பஸ்களை மறித்துவிட்டார்கள். அதைக் கேட்டு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு பஸ்களை மறித்துவிட்டார்கள். ஆரம்பம் என் ஸ்டேஷன் என்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே எதிலிருந்து இது ஆரம்பித்தது?

அப்போதுதான் ஒரு பெண் என் அறைக்கதவில் வந்து நின்றாள். ஆரல்வாய்மொழிக்காரி, பெயர் ரெஜினா. பல வருடம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி டூட்டிக்கு மட்டும் போகும் தற்காலிக வார்டு உதவியாளாக இருந்து, அன்றுதான் முதல் முறையாகக் காலை வண்டியில், நிரந்தர வேலையில் சேரப் போகிறாள். மத்தியானம் பன்னிரண்டுக்குள் ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“வீட்டுக்காரரும் இல்ல சார். ரெண்டு பிள்ளைய. இந்த வேலைக்காவ எத்தன வருசம் காத்துக் கிடந்தேன் தெரியுமா? அவங்கள்ட்ட பேசி வண்டிய மீட்டுத் தாங்க சார்.”

“யார்கிட்டேருந்தும்மா மீட்கணும்?”

“வண்டியப் பிடிச்சவங்கள்ட்டேருந்துதான்.”

“யாரு பிடிச்சா?”

“எனக்கு எப்பிடி சார் தெரியும்? உங்காளுதான சொன்னாரு, பிடிச்சிட்டுன்னு.” அவள் விரல் என் பின்னால் நின்ற தங்கப்பனைக் காட்டியது. “ஒடனே எங்கண்ணனுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். அண்ணன் இங்கதான் எல்லைல ஆட்டோ ஓட்டுதான். அவனும் அவன் கூட்டாளிமாரும்தான் ரோட்டுல பஸ்ஸ மறிச்சிட்டு நிக்காவ.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருபுறமும் வண்டியும் பஸ்ஸும் நிற்கின்றன, ஒரு பெண்ணின் பிழைப்பு தொங்குகிறது. எல்லாம் தங்கப்பன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை. தங்கப்பன் வெலவெலத்துப் போய், “ஞான் எந்நும் பறயுந்நதல்லே மாஷே?” என்று கேட்டார். தினமும் சொல்வதைத்தான் சொன்னார், பாவம்.

மைக்கை எடுத்தேன். அறிவிப்புச் செய்யும் குரலில் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினேன்.

“தண்டவாளத்துல உக்காந்திருக்கிற அண்ணாச்சிமார் எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. உங்க வண்டிய யாரும் பிடிச்சு வைக்கல. மலையாளத்துல ‘வண்டி பிடிச்சிட்டு’ன்னா கிராசிங்குக்காக நிறுத்தி வச்சிருக்குன்னு அர்த்தம். நிறுத்தி வச்சது நான். உங்களுக்கு எதிர்ல ஒரு எக்ஸ்பிரஸ் வந்து வெளில நிக்குது. நீங்க எந்திரிச்சாத்தான் அது உள்ள வரும். அது வந்தாத்தான் நீங்க போவீங்க. இப்போதைக்கு உங்க வண்டியப் பிடிச்சு வச்சிருக்கிறது நீங்கதான்.”

பிறகு மலையாளத்தில் வாசலில் இருப்பவர்களுக்கும் சொன்னேன்: நீங்கள் வண்டியைப் பறித்துவிட்டதாக இவர்கள் நினைத்துவிட்டார்கள் என்று. அவர்களில் ஒருவர் உரக்க, “அய்யோ, ஞங்ஙளெக்கொண்டு ஒரு வண்டி பிடிக்கான் பற்றியிருந்நெங்கில் எந்தினா ஈ கொடி?” என்று கேட்டார். எங்களால் ஒரு வண்டியைப் பிடிக்க முடிந்திருந்தால் இந்தக் கொடி எதற்கு? வாசலில் சிரிப்பு வெடித்தது. அர்த்தம் விளங்காவிட்டாலும் அந்தச் சிரிப்பு தண்டவாளம் வரை வந்தது. தண்டவாளத்தில் ஒரு பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, பக்கத்திலிருந்தவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். “எந்திரில. யாரு பிடிச்சா, என்ன பிடிச்சான்னு கேக்கண்டாமா?” ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஆனால் ரோடு? ரெஜினா என் கதவருகிலேயே நின்று அண்ணனுக்கு போன் போட்டாள். அவன் குரல் எனக்கே கேட்டது.

“பிடிச்சிட்டாவன்னுல்லா நீ சொன்ன?”

“இல்லண்ணே, அவங்க ‘பிடிச்சிட்டு’ன்னுதான் சொல்லிருக்காங்க. மலையாளத்துல அது வேறயாம்.”

“அட கூறுகெட்டவளே! பிடிச்சிட்டுன்னா நிறுத்திப் போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் தெனமும் மலையாளத்தான்கிட்டல்லா பொழைக்கேன்! அத அப்பிடியே சொல்லுகதுக்கு என்ன? ஒன்ன யாரு தமிழ்ல மாத்தச் சொன்னா?”

திட்டி முடித்துவிட்டு, “செரி, வண்டி கெளம்புற ஹாரன் கேக்கட்டு, அப்பம் ரோட்ட விடுதோம்” என்றான். ஊரைக் கூட்டி மறித்தாயிற்று. ஒரு காரணமும் இல்லாமல் எப்படி எழுந்து போவது? அவன் கஷ்டம் எனக்குப் புரிந்தது.

மெயின் லைன் காலியானதை நானும் தங்கப்பனும் இரண்டு முனை வரை நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம். எக்ஸ்பிரஸை உள்ளே எடுத்தேன். முழு வண்டியும் வந்துவிட்டதா என்று கடைசிப் பெட்டியின் பின்னால் தொங்கும் பலகையைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுகிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. பார்த்தேன். அடுத்தது பாசஞ்சருக்கு வடக்கே லைன் கிளியர் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் களேபரத்தில் வடக்கே இன்னொரு எக்ஸ்பிரஸ் வந்து அடுத்த ஸ்டேஷனில் காத்து நின்றது. ஒழுங்குமுறைப்படி அதற்குத்தான் முதல் வழி. பாசஞ்சர் மறுபடியும் லூப்பிலேயே கிடக்க வேண்டும். ரெஜினா மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ட்ரோல் போனை எடுத்தேன்.

“பறயூ.”

“சார், பாசஞ்சரை முதலில் விடணும்.”

“காரணம்?”

நான் சங்கம், எல்லை, மாநிலம் என்றெல்லாம் பேசவில்லை. அவருக்கு அது பிடிக்காது. “ரோட்டை மறித்தவர்கள் இந்த வண்டியின் ஹாரன் கேட்டால்தான் எழுந்திருப்பார்கள். வண்டியில் ஒரு பெண் இருக்கிறாள். பன்னிரண்டுக்குள் போனால் அவளுக்கு வேலை. போகாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சார்.”

மூச்சுச் சத்தம். நெல்லிக்காய் கடிபடும் சத்தம். பிறகு அவர் மற்ற ஸ்டேஷன்களையும் அதே லைனில் சேர்த்துக்கொண்டு சொன்னது என் காதில் இன்றும் இருக்கிறது: “எல்லாரும் கேள்க்கணும். ஈ பாசஞ்சர் இனி தம்பானூர் வரே ஆரும் பிடிச்சிடண்டா.”

இனி தம்பானூர் வரை யாரும் பிடித்துப் போட வேண்டாம். வாழ்நாளில் ஒரு எக்ஸ்பிரஸை ஒரு பாசஞ்சருக்காக அவர் காக்க வைத்தது அந்த ஒரு தடவைதான். நான் அந்த நிமிடம் அவரைக் கும்பிட்டேன். போனில் அது தெரியாது என்பதால் தைரியமாகக் கும்பிட்டேன்.

சிக்னல் பச்சையானதும் தங்கப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொடியை வீசிக்கொண்டு பிளாட்பாரம் முழுக்க ஓடினார்: “வண்டி விட்டு! வண்டி விட்டு!” மலையாளத்தில் அதற்கு வண்டி கிளம்பிவிட்டது என்று பொருள். ஆனால் தண்ணீர் பிடிக்கவும் டீ குடிக்கவும் இறங்கியிருந்த திருநெல்வேலி இளவட்டங்கள், வண்டியை விட்டுவிட்டோம் என்று அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார்கள். நான் தங்கப்பனின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். ஹாரன் அடித்தது. ரெஜினா அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்து கண்ட்ரோல் பேசியபோது ரோடும் திறந்துவிட்டது என்று தெரிந்தது.

அவள் ஆஸ்பத்திரி ஆபீஸுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. இது பிறகு அவளே சொன்னது. ஆபீஸ் அம்மா கடிகாரத்தைப் பார்த்து, “சமயம் எத்ரயாயி?” என்று கேட்டாராம். இவளுக்கு மலையாளம் பேச வராது. வார்டில் கையைக் காட்டியே காலம் தள்ளியவள். எல்லைச் சண்டையையும் தமிழையும் கலந்து சொல்லியிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். அவளுக்கு முழுதாகத் தெரிந்த ஒரே மலையாள வாக்கியம் அன்று காலையில் கற்றுக்கொண்டதுதான். அதைச் சொன்னாள்.

“வண்டி பிடிச்சிட்டு.”

“எந்நும் இதுதன்னே” என்று அலுத்துக்கொண்டே அந்த அம்மா பேனாவை நீட்டினாராம். என்றைக்கும் இதே கதைதான் என்று. அந்த வாக்கியத்தைச் சொல்லாத ஊழியர் திருவனந்தபுரத்தில் இல்லை. ரெஜினா கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு பல கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து எனக்கு போன் வரும். பிள்ளைகள் இருவரும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். போன முறை பேசும்போது கேட்டாள்:

“சார், இரட்டப் பாத வருதாம்லா?”

“ஆமா. இனிமே உங்க வண்டிய யாரும் நிறுத்தி வைக்கமாட்டாங்க.”

“அது நல்லதுதான். ஆனா நான் லேட்டா எந்திச்சு அடுத்த வண்டில ஏறினா, வார்டுக்கு போன் போட்டு என்ன சொல்லுவேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாசஞ்சரைத் தவறவிட்டு அடுத்த வண்டியில் ஏறிய நாளெல்லாம், சீட்டில் உட்கார்ந்ததும் வார்டுக்கு போன் போட்டு இவள் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறாள்.

“ரெஜினா, இத்தனை வருஷமும் பொய்யா சொன்னே?”

“பொய்யா?” அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. “அடுத்த வண்டியப் பிடிச்சிட்டுத்தான சார் சொன்னேன்? அவங்க மலையாளத்துல கேட்டா நான் என்ன செய்ய?”